ஜப்பான் பாட்டுக்கு அழுத என் மகனுக்கு

ஏழுமலை, அன்னிக்கு நம்ம வூட்டுல யார் யார் இருந்தாங்கன்னு மொதல்ல எழுதிடறேன். நாளைக்கு ஒருத்தரும் நான் அங்க இல்லன்னு சொல்லித் தப்பிச்சுக்கக் கூடாது. நீ இருந்த. உன் பொண்டாட்டி கோமதி இருந்தா. போளூர்ல இருந்து உங்க கூட ஜீப்புல வந்த உன் மாமியார் சரோஜா, மூட்டு வலின்னு நாற்காலிய விட்டு எழுந்திருக்காம இருந்தாங்க. உன் பெரியப்பன் சடையன், எண்பத்தி மூணு வயசாயும் பல்லு ஒண்ணு கூட விழாதவரு, கட்டில்ல இருந்தாரு. அவரு மருமக காசியம்மா அடுப்படியில எனக்கு ஒத்தாசையா இருந்தா. ஜீப் ஓட்டிக்கிட்டு வந்த பாபு வாசப்படியில உக்காந்திருந்தான். யாருக்காக இத்தனை பேரும் கூடினோமோ அந்த மதுமிதா, உன் பொண்ணு, என் பேத்தி, நடுவுல இருந்தா. நான் இருந்தேன். மொத்தம் எட்டுப் பேர். ஒம்போதாவதா ஒருத்தி இருந்திருக்கணும். அதைப் பத்தித்தான் இந்தக் கடுதாசி.

போன்ல பேசலாம்னா நீ ரெண்டு வார்த்தைக்கு மேல போனா "டவர் இல்லம்மா"ன்னு வச்சுடற. மலை மேல இருக்கறது நான், டவர் இல்லாமப் போறது போளூர்ல உன் உரக்கடையில. இருக்கட்டும். காகிதத்துக்கு டவர் வேணாம். அஞ்சாவது வரைக்கும் படிச்சவ எழுத்து, கோணலா இருந்தா எழுத்துக் கூட்டிப் படி. பாபு கையில குடுத்து அனுப்பறேன். உறைய ஒட்டல. வழியில அவன் படிச்சாலும் சரி, கடையில உன் ஆளுங்க படிச்சாலும் சரி. இருபத்தாறு வருஷம் மூடி வச்சதுல இன்னா வாழ்ந்துட்டோம், இனிமே மூட.

நம்ம வூட்டு வழக்கம் உனக்குத் தெரியும். யாராவது தூரமாப் போறாங்கன்னா, போறதுக்கு முன்னாடி சாமைச்சோறு பொங்கி, இலை போட்டு, செத்தவங்க பேரை ஒண்ணொண்ணாச் சொல்லிக் கூப்பிடணும். வூட்டு மூத்த ஆம்பளைதான் கூப்பிடணும். கூப்பிட்டவங்க உள்ள வந்து சாப்பிட்டுட்டு, போறவங்களுக்குத் துணையாப் போவாங்க. கூப்பிடாதவங்க வாசலுக்கு வெளியவே நிப்பாங்க. உங்கப்பா போனப்பறம் கூப்பிடற வேலை உனக்கு வந்துச்சு. மதுமிதா ஜப்பானுக்கு வேலைக்குப் போறா, அங்க வயசானவங்களக் குளிப்பாட்டி சோறூட்டற வேலைக்கு. நல்ல வேலைதான், அதுல எனக்குக் கொறையில்ல. நீ வேட்டி கட்டிக்கிட்டு இலை முன்னால நின்ன. உன் தாத்தா பேரைச் சொன்ன. பாட்டி பேரைச் சொன்ன. பாம்பு கடிச்சுப் போன உன் சின்ன தாத்தா பேரை, உங்கப்பா பேரைச் சொன்ன. அப்புறம் கொஞ்ச நேரம் நிறுத்தின. நான் சோத்துக் கரண்டியப் புடிச்சுக்கிட்டு உன் வாயவே பாத்துக்கிட்டிருந்தேன். பெரியப்பன் கட்டில்ல இருந்து ஒரு செருமல் செருமினாரு. நீ சட்டுனு கற்பூரத்தக் கொளுத்திட்ட.

அதுக்கே எனக்குக் குமட்டுச்சு. ஆனா அது பழகின குமட்டல். அதுக்கு மேல ஒண்ணு நடந்துச்சு பாரு, அதைத்தான் என்னால முழுங்க முடியல.

சாப்பிட்டு முடிச்சதும் சரோஜாம்மாதான் ஆரம்பிச்சாங்க. "ஒரு வருஷமா அந்தப் பாஷை படிச்சியே கண்ணு, ஒரு பாட்டுப் பாடேன் கேப்போம்"ன்னாங்க. மதுமிதா பாட மாட்டேன்னுட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டிய வச்சு போன்ல இருந்து பாட்டு வுட்டா. போன்ல படமும் வந்துச்சு. வரைஞ்ச பொம்மைங்க. கண்ணு மட்டும் தட்டு அகலம், மூக்குன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. "இவ எப்படிடி மூச்சு வுடறா?"ன்னு கேட்டேன். பாபு வாசல்ல இருந்து சிரிச்சான். இவ கோவிச்சுக்காம வெவரம் சொன்னா. "இந்தப் பாட்டெல்லாம் சும்மா கட்டினது இல்ல பாட்டி. ஒரு கதைப் புஸ்தகத்தப் படிச்சு, மனசு கேக்காம, அந்தக் கதையில இருந்து பாட்டு எடுக்கறாங்க. பாட்டக் கேட்டுட்டுப் புஸ்தகத்தத் தேடிப் படிக்கிறவங்க இருக்காங்க. படிச்சுட்டு மறுபடி பாட்டக் கேட்டா இன்னும் அழுகை வரும்."

மொதப் பாட்டு, கடலுக்குப் போன பொண்டாட்டி திரும்பி வருவான்னு செருப்பத் தொடைச்சு வாசல்ல வச்சுக்கிட்டே இருக்கறவனைப் பத்தி. உயிரோட இருந்தப்ப ஒரு நாள் தொடைச்சு வச்சிருப்பானான்னு கேட்டேன். "பாட்டி, அழகா இருக்கும்போது ஏன் இப்படிக் கேக்கற?"ன்னா. ரெண்டாவது, சாகப் போற ஒரு பொண்ணு வருஷா வருஷம் தொறக்கணும்னு மகளுக்கு லெட்டருங்க எழுதி வச்சுட்டுப் போறா. அதுக்கே கோமதி மூக்க உறிஞ்ச ஆரம்பிச்சுட்டா. மாமியாக்காரி எனக்குக் காய்ச்சல்னா மூணு நாள் கழிச்சு போன் பண்றவ, பேரு தெரியாத பொம்மைக்கு முந்தானைய நனைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. குரல் மட்டும் நல்ல குரல், அதை ஒத்துக்கறேன். ஆனா நல்ல குரல்ல ஒருத்தர் சாவைச் சொன்னா அது இனிப்பாப் போயிடுது. சாவுல இன்னாடா இனிப்பு? சீ-ன்னு எனக்கு எழுந்திருச்சுப் போகத் தோணுச்சு. பாத்திரம் கெடக்குன்னு சொல்லிட்டுப் பின்னால போயிட்டேன்.

பாத்திரத்த வெளக்கிட்டு நான் உள்ள வந்தப்ப மூணாவது பாட்டு முடியற நேரம். ஒருத்தர் பாக்கியில்லாம அழுதுக்கிட்டிருந்தீங்க. சரோஜாம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டிருந்தாங்க. காசியம்மா தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னா. உன் பெரியப்பன் துண்டால மூஞ்சிய ஒத்திக்கிட்டு, "ச்சு, பாவம். எறங்கியிருக்கலாம் அந்தப் புள்ள"ன்னாரு. எந்தப் புள்ள, எதுல இருந்து எறங்கணும்னு எனக்கு ஒண்ணும் புரியல. நீ செவுத்துல சாய்ஞ்சு, ரெண்டு முழங்காலுக்கு நடுவுல தலைய வச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுத. நாப்பத்தஞ்சு வயசு, நரைச்ச தலை. உங்கப்பா செத்தன்னிக்குக் கூட நீ அப்படி அழல. "இன்னாடா ஆச்சு?"ன்னேன். தலையத் தூக்கி நீ சொன்ன வார்த்தை இன்னும் என் காதுல இருக்கு. "எவ்ளோ நல்லா எழுதிருக்காங்கம்மா."

எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு ஏழுமலை. இலையில படைச்ச சோறு காயாம அப்படியே இருக்கு. ஒரு பேரைச் சொல்ல உன் வாய் வரல. அரை மணி நேரத்துல, பொறக்காத ஒரு பொண்ணுக்கு, எங்கயோ கடலுக்கு அந்தாண்ட ஒருத்தி மையால எழுதின பொண்ணுக்கு, உனக்குக் கண்ணு கொட்டுது.

நீங்கல்லாம் ஜீப்புல ஏறப் போறப்ப மதுமிதா என்னைத் தேடித் தொவைக்கிற கல்லுகிட்ட வந்தா. "எல்லாரும் அழுதாங்க, நீ மட்டும் ஏன் பாட்டி அழல?"

"எனக்கு அந்தப் பாஷை தெரியாதுடி."

"அவங்களுக்கு மட்டும் தெரியுமா? நான்தானே வரி வரியா சொன்னேன். உனக்கும் சொல்றேன், கேளு."

சொன்னா. பனி கொட்டற ஊராம். ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்கா மனசுக்குப் புடிச்சவனோட போயிட்டா. வூட்டுல அவளத் தலை முழுகிட்டாங்க. தம்பி வர்ற ரயிலு இந்த வழியாப் போவும்னு தெரிஞ்சு அவ டேசன்ல வந்து காத்துக்கிட்டு நிக்கிறா, கையில ஒரு வெளக்கு. தம்பி ரயில்ல இருக்கான். ஜன்னல் வழியாப் பாக்கறான். எறங்கல. அவ கைய ஆட்டறா. ரயிலு போயிடுது. அந்தப் பனியிலயே அவ செத்துப் போறா. புஸ்தகத்துல அந்தத் தம்பி கடைசி வரைக்கும் அதைப் பத்தி வாயே தொறக்க மாட்டானாம். படிச்ச பாட்டுக்காரிக்கு அது பொறுக்கலையாம். கிழவனான அந்தத் தம்பி அக்காவுக்கு இன்னா சொல்லியிருப்பான்னு அவளே பாட்டாக் கட்டிட்டாளாம்.

நான் தொவைக்கிற கல்லு மேல உக்காந்துட்டேன். "பாத்தியா, உனக்கும் அழுகை வருது"ன்னு சிரிச்சுக்கிட்டே என் தோளைத் தட்டிட்டுப் போனா கொழந்த. அவளுக்கு இன்னா தெரியும்? தனக்கு ஒரு அத்தை இருந்தான்னே தெரியாத கொழந்த.

உனக்கு அழுகை எங்க இருந்து வந்துச்சுன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சு இன்னும் வெறுத்துப் போச்சு. அது பொய் அழுகையா இருந்திருந்தா கூடப் பரவால்ல. நெச அழுகைடா அது. உங்க அக்காவுக்குச் சேர வேண்டியது. இருபத்தாறு வருஷமா உள்ள வச்சிருந்து, எடுத்து ஜப்பான்காரிக்குக் குடுத்துட்ட.

இப்ப நான் சொல்றதக் கேளு. இதை உன்கிட்டயும் நான் முழுசா சொன்னதில்ல. உங்க அக்கா சந்தவாசல் டிராக்டர்காரனோட போயி ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. வேற சாதிக்காரனோட போனவ பேரை இந்த வூட்டுல யாரும் எடுக்கக் கூடாதுன்னு பெரியப்பன் சொல்லிட்டாரு, உங்கப்பாவும் தலையாட்டிட்டாரு. அவ மாசமா இருக்கான்னு தெரிஞ்சப்ப நான்தான் உன்கிட்ட ரகசியமாச் சொல்லி அனுப்பினேன். உங்கப்பாவுக்குக் கண்ணுல புரை, வேலூர் ஆசுபத்திரிக்குப் போறோம், போளூர்ல நீயும் ஏறிக்க, செவ்வாக்கெழமை பத்து மணிக்கு வேலூர் பஸ்ஸு சந்தவாசல்ல நிக்கும், வந்து நில்லுன்னு அவகிட்ட சொல்லு, எறங்கி ஒரு தரம் பாத்துட்டு ஏறிக்கறேன்னு. உங்கப்பாவுக்குக் கண்ணு தெரியாது, அவருக்குத் தெரியாமப் பாத்துடலாம்னு கணக்குப் போட்டேன். பெரியப்பன் கடைசி நேரத்துல "நானும் வர்றேன்"ன்னு ஜமுனாமரத்தூர்ல வந்து ஏறுவாருன்னு நான் கண்டேனா?

பஸ்ஸு நின்னுச்சு. அவ டீக்கடை ஓரமா நின்னுக்கிட்டிருந்தா. பாட்டுல வர்ற மாதிரி பனியும் இல்ல, வெளக்கும் இல்ல. பங்குனி வெயிலு. எட்டு மாச வயிறு. காலு ரெண்டும் வீங்கி, செருப்பு வாரு அறுந்து, அதுல ஊக்கு குத்தியிருந்தா. கையில ஒரு தூக்கு. எனக்கு இன்னா எடுத்தாந்தாளோ, அது எனக்குத் தெரியாது, இனிமேயும் தெரியாது. உங்கப்பா அவ பக்கத்து ஜன்னல்லதான் உக்காந்திருந்தாரு. அவ மூஞ்சியவே நேராப் பாத்துக்கிட்டு, அவ இருக்கறது தெரியாம, "இது எந்த ஊரு?"ன்னு கேட்டாரு. "சந்தவாசல்"னேன். அப்புறம் அவரு பேசல. வேலூர் வர்ற வரைக்கும் பேசல. பெரியப்பன் எனக்குப் பின் சீட்டு.

நீ படியில நின்ன. ஒரு காலைக் கீழ வச்ச. வச்சுட்டு என்னைத் திரும்பிப் பாத்த. இதை நல்லாப் படி, ரெண்டு தரம் படி. நான் தலைய ஆட்டினேன். வேணாம்னு ஆட்டினேன். கண்ணை உருட்டினேன். பத்தொம்போது வயசுப் புள்ள நீ, எடுத்த காலை உள்ள வச்சுட்ட. அன்னில இருந்து நீ எறங்காததை உன் தப்புன்னு நெனச்சு உள்ளுக்குள்ள அரிச்சுப் போறன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன். ஏன்னா உன் தப்பா இருக்கற வரைக்கும் அது என் தப்பு இல்ல. பெத்தவ செய்யற வேலையா இது? இல்ல. ஆனா செஞ்சேன். இப்ப எடுத்துக்கறேன். நீ எறங்காதது உன் தப்பில்ல ஏழுமலை. அது என் தலையாட்டு.

இருவது நாளு கழிச்சு ஆசுபத்திரிக்குப் போற வழியில அவளும் போனா, கொழந்தையும் போச்சு. டிராக்டர்காரன் மலையேறி வந்து ஊர் எல்லையில நின்னு சொல்லி அனுப்பினான். பெரியப்பன், "சொல்லியாச்சில்ல, கெளம்பச் சொல்லு"ன்னாரு. யாரும் போகக் கூடாது, ஒப்பாரி சத்தம் கேக்கக் கூடாதுன்னாரு. நான் கொல்லையில களை எடுத்துக்கிட்டிருந்தேன். முந்தானைய வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு அந்த வரிசைய முடிச்சேன். அதுக்கடுத்த வரிசையும் முடிச்சேன். ஊருல யார் செத்தாலும் என்னைத்தான் ஒப்பாரிக்கு முன்னால உக்கார வைப்பாங்க, உனக்குத் தெரியும். அன்னிக்கு அப்புறம் நான் ஒரு சாவுக்கும் வாயத் தொறந்ததில்ல. தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிட்டேன். உங்கப்பா சாவுக்கும் அதேதான். கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாருன்னு காசியம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அதையும் நான் மறக்கல.

அதனாலதான் அந்தப் பாட்டு எனக்கு அவ்ளோ அருவருப்பா இருந்துச்சு. வீங்கின காலு அதுல இல்ல. ஊக்கு இல்ல. தலையாட்டின அம்மாக்காரி இல்லவே இல்ல. எல்லாத்தையும் பனி போட்டு மூடிட்டு, மேல ஒரு வெளக்கு வச்சுட்டாங்க. யார் வேணா வந்து அழலாம், ஒருத்தர் மேலயும் குத்தம் வராது. "எறங்கியிருக்கலாம் அந்தப் புள்ள"ன்னு உன் பெரியப்பனே அழலாம்! அவரு மூச்சு என் கழுத்துல பட்ட அந்தப் பஸ்ஸ அவருக்கு ஞாபகமே இல்ல. நான் அவரு கண்ணையே பாத்தேன். நடிப்பு இல்ல. நெசமாவே ஞாபகம் இல்ல. அதைப் பாத்துத்தான் எனக்கு மேலெல்லாம் புழு ஊர்ற மாதிரி ஆயிடுச்சு.

ஒண்ணு மட்டும் சொல்லணும். அந்தக் கதைய எழுதினவங்க யாரோ, எறங்காதவன் ஒருத்தன் இருந்தான்னு ஒத்துக்கிட்டு எழுதியிருக்காங்க. அவன் பேசாதது தப்புன்னு இன்னொருத்தி பாட்டே கட்டியிருக்கா. உலகத்துல பஸ்ஸ விட்டு எறங்காதவங்க நாம மட்டும் இல்ல போல. ஆனா அங்க சொல்லிட்டாங்க. நாம இன்னும் சொல்லல.

வர்ற செவ்வாக்கெழமை மதுமிதாவக் கூட்டிக்கிட்டு மலைக்கு வா. வெள்ளிக்கெழமைதானே பிளேனு, நாளு இருக்கு. கோமதி வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். சாமை குத்தி வச்சுட்டேன். இலை நான் அறுத்து வைக்கிறேன். நீ மறுபடி இலை முன்னால நில்லு. எல்லாப் பேரையும் சொல்லு, கடைசியா அவ பேரையும் சத்தமாச் சொல்லு. பெரியப்பன் செருமினா செருமட்டும். மதுமிதா யாருன்னு கேட்டா, பாட்டுல வந்த கதை இல்ல, உங்க அத்தைன்னு சொல்லு. ஊக்கு குத்தின செருப்பையும் சொல்லு, என் தலையாட்டையும் சொல்லு. தெரியாத ஊருக்குத் தனியாப் போறா கொழந்த. நம்ம செத்தவங்கள்ல ஒத்தையா நின்னு பழகினவ அவ ஒருத்திதான். அவ துணைக்குப் போகட்டும். நீ வரலன்னா, பொம்பளை கூப்பிடக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இருக்குல்ல, அதை நானே ஒடைக்கிறேன். எழுவது வயசுக்கு மேல என் தொண்டைக்கு இன்னா கேடு? ஊரே கேக்கற மாதிரி உக்காந்து ஒப்பாரி வைக்கிறேன். அப்புறம் வந்து யாரும் என்னை எழுப்பக் கூடாது.

நான் யாரையும் சுலுவா வுடறவ இல்லன்னு நீங்கல்லாம் முதுகுக்குப் பின்னால பேசறது எனக்குத் தெரியும். சரிதான். ஆனா எழுதி எழுதி இன்னிக்கு ஒவ்வொருத்தரா வுட்டுட்டேன். கோமதிய வுட்டுட்டேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. காசியம்மாவ வுட்டுட்டேன். கண்ணு தெரியாமப் பாத்த உங்கப்பாவ எப்பவோ வுட்டுட்டேன். உன்னை, இந்தக் கடுதாசிய எடுத்து வச்சு உக்கார்றதுக்கு முன்னாடியே வுட்டுட்டேன். பெரியப்பனக் கூட, மறந்து போனவனப் புடிச்சு இன்னா பண்றதுன்னு, வுட்டுட்டேன். ஒருத்திய மட்டும் என்னால முடியாது.

பாட்டுல அந்தப் பொண்ணு கைய ஆட்டினாளாம். இவ ஆட்டல. நான் மூஞ்சிய அந்தாண்ட திருப்பினதப் பாத்தா. எனக்குப் பின்னால யார் உக்காந்திருக்காருன்னு பாத்தா. பாத்துட்டு, தூக்கை முந்தானையில மறைச்சுக்கிட்டு, டீக்கடைப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டா, யாரோ வழியில போறவ மாதிரி. என்னைக் காப்பாத்தறாளாம். ஒரே ஒரு தரம் "யம்மா"ன்னு கூப்பிட்டிருந்தா நான் எறங்கியிருப்பேன்டா. எவன் இருந்தாலும் எறங்கியிருப்பேன். பஸ்ஸு கெளம்பற வரைக்கும் அந்த முதுகையே பாத்துக்கிட்டிருந்தேன், கூப்பிடுவா, இப்பக் கூப்பிடுவான்னு. கூப்பிடல. அதுக்காக அவள நான் மன்னிக்கவே மாட்டேன், இந்த ஜென்மத்துல மாட்டேன், என் வயித்துல மொதல்ல பொறந்தவ, உங்க அக்கா, பூங்காவனம்.